களை எடுக்கக் கிளம்புகிறீர்களா? அடர்ந்த புதர்ப் பக்கம் முதலில் போகாதீர்கள்

நாங்கள் முதல் தடவை செய்த கூத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விடுமுறை நாளில் நாற்பது பேர் போலக் கூடினோம். எந்த இடம் கண்ணை ரொம்ப உறுத்தியதோ, எங்கே பார்த்தீனியம் இடுப்பு உயரத்துக்கு நின்றதோ, நேராக அங்கேயே போனோம். ஜேசிபி வந்தது, ஒரே நாளில் வழித்தெடுத்தோம், படம் எடுத்துக்கொண்டோம், கையெல்லாம் கொப்புளம், மனசெல்லாம் நிறைவு. அடுத்த மழை பெய்த மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் பச்சைப் பாய் விரித்த மாதிரி முளைத்திருந்தது, பழையதைவிட நெருக்கமாக. யோசித்துப் பார்த்தால் தப்பு எங்களுடையதுதான். மண்ணைக் கிளறி, அடியில் தூங்கிக்கொண்டிருந்த விதைக்கு வெளிச்சம் காட்டி, அதற்குப் போட்டியாக இருந்த கொஞ்சநஞ்சப் புல்லையும் வாரிக் கொட்டியிருக்கிறோம். நாற்றங்காலுக்கு நிலம் பண்படுத்துவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

அதனால் புதிதாக இறங்குகிறவர்களுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையில் எழுதுகிறேன்.

செடி எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெயர் தெரியாத செடியில் கை வைக்காதீர்கள். கேரட் இலை மாதிரி தரையோடு படர்ந்து கிடக்கும் பார்த்தீனியக் கன்றையும் மாசிபத்திரிக் கன்றையும் தெரிந்தவர்களே குழப்பிக்கொள்வார்கள். இலை, பூ, காய், வேர் நான்கையும் தனித்தனியாகப் படம் எடுத்து, வேளாண் அலுவலகத்திலோ கல்லூரித் தாவரவியல் துறையிலோ காட்டிக் கேளுங்கள். போன் செயலி சொல்கிற பெயரை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி மரத்தை வெட்டிவிட வேண்டாம்.

வெளியூர்ச் செடி எல்லாமே எதிரி என்றும் நினைக்காதீர்கள். நாம் சாப்பிடுகிற மிளகாயும் தக்காளியும்கூடக் கடல் தாண்டி வந்தவைதான். வந்த இடத்தில் அதைத் தின்னப் பூச்சி இல்லை, மேய மாடு இல்லை, யாரும் நடாமலே பரவுகிறது, மற்றதை வளரவிடாமல் அமுக்குகிறது என்றால் மட்டும் அது நம் பட்டியலுக்கு வரட்டும்.

பெயரைவிட முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, அது எப்படிப் பெருகுகிறது என்பது. விதையாலா, கிழங்காலா, வெட்டின கட்டையிலிருந்து துளிர்த்தா, ஒடிந்த துண்டிலிருந்தா? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நன்றாக வளர்ந்த ஒரு பார்த்தீனியம் 15,000 விதைக்கு மேல் போடும், முளைத்து ஒரு மாதம் சொச்சத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும், அதனால் அதற்கு எதிரான ஆயுதம் நாள்காட்டி. கோரைக்கோ மண்ணுக்கடியில் கிழங்கு சங்கிலி போலப் போகும், அதைக் கொத்திக் கொத்தித் துண்டாக்கினால் ஒன்றைப் பத்தாக்கிக் கொடுத்ததுதான் மிச்சம். சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டு போன இடத்தில் ஏழெட்டுத் தண்டு வரும்.

நடந்து பார்த்து ஒரு படம் வரையுங்கள்

ஒரு தாள், இரண்டு மூன்று பேனா, ஊரை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர், அவ்வளவு போதும். இவர்களில் ஒருவர் ஆடு மாடு மேய்க்கிறவராக இருந்தால் நல்லது, மற்றவர்கள் பார்க்காத மூலையெல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்கும். அடர்ந்த இடத்துக்குச் சிவப்பு, அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிற இடத்துக்கு மஞ்சள், இன்னும் வராத இடத்துக்குப் பச்சை. அதோடு வழிகளையும் குறியுங்கள்: ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது, வண்டி எங்கே திரும்புகிறது, வைக்கோல் எங்கிருந்து வருகிறது, மந்தை எந்த வழியாகப் போகிறது. விதை இந்த வழிகளில்தான் போகும். கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்தால் களை எங்கிருந்து வந்தது, அடுத்து எங்கே போகும் என்று தானாகவே தெரிய ஆரம்பிக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

பச்சையில் தொடங்குங்கள், அப்புறம் மஞ்சள், சிவப்பு கடைசி

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1960-களில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்று இரண்டு சகோதரிகள் தங்கள் வீட்டருகே இருந்த காட்டுப்பகுதியில் நடைபோகும்போதெல்லாம் கையால் களை எடுத்து எடுத்து வகுத்த முறை. களை குறைவாக, இயல்பான செடிகொடி நன்றாக இருக்கிற இடத்திலிருந்து தொடங்கு, மண்ணை முடிந்தவரை கிளறாதே, அந்த மண்ணின் செடிகள் எவ்வளவு வேகத்தில் திரும்ப வளர்கின்றனவோ அந்த வேகத்தில் மட்டும் முன்னேறு. இந்த மூன்றும்தான் அவர்கள் சொன்னது. கேட்க ரொம்பச் சோம்பேறித்தனமாக இருக்கும். எங்கள் குழுவிலேயே இளைஞர்கள் "எதிரி அங்கே நிற்கிறான், நாம் இங்கே தனிச்செடி பொறுக்கிக்கொண்டிருக்கிறோமே" என்று சலித்துக்கொண்டார்கள்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் பகுதியில் ஒரு ஆள் ஒரு காலையில் ஒரு பெரிய வயல் அளவு இடத்தைச் சுத்தமாக்கிவிடலாம், மண்ணில் விதை அதிகம் விழுந்திருக்காததால் அடுத்த வருஷம் அங்கே வேலை பாதியாகக் குறையும். அதே ஆள் சிவப்பில் இறங்கினால் ஒரு சின்ன மூலையை முடிக்க நாள் முழுக்க ஆகும், முடித்த இடமும் பல வருஷ விதைச் சேமிப்பை வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். சிவப்பை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள் என்று அர்த்தம் இல்லை. அதன் ஓரத்தைச் சுற்றி நாலைந்து அடி அகலத்துக்கு களை இல்லாத வளையம் மாதிரி வைத்து, அதற்கு வெளியே ஒன்றும் பூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு தானாகச் சுருங்கும்படி வெளியிலிருந்து உள்ளே போவதுதான் திட்டம்.

ஓடை இருந்தால் மேட்டிலிருந்து கீழே வாருங்கள். கீழே சுத்தம் செய்துவிட்டு மேலே விட்டுவைத்தால் ஒரு வெள்ளம் போதும்.

ஊரோடு பேசாமல் இறங்காதீர்கள்

இந்த வேலையில் கத்தியைவிட வாய்க்குத்தான் அதிக வேலை. யார் நிலம், பொது நிலமா, அரசு நிலமா, நீர்நிலையா, காட்டு எல்லையா என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், எழுத்தில் இருந்தால் நல்லது.

அப்புறம், அந்தச் செடியை வைத்துப் பிழைக்கிறவர்கள் இருப்பார்கள். சீமைக்கருவேலம் என்றால் விறகு, கரிமூட்டம், வெயில் காலத்தில் ஆட்டுக்கு நெற்று. இவர்களைக் கூப்பிடாமல் கூட்டம் போட்டால் அடுத்த நாளே எதிர்ப்பு கிளம்பும், கிளம்புவதில் நியாயமும் இருக்கிறது. கென்யாவின் பாரிங்கோ பகுதியில் விறகுக்கும் மண் காக்கவும் என்று 1980-களில் இந்த மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள், அது மேய்ச்சல் நிலத்தையே விழுங்கிவிட்டது. சர்க்கரைச் சத்துள்ள நெற்றைத் தின்று தின்று ஆடுகளின் பல்லே கொட்டிப்போனது என்று மக்கள் அரசின் மீது வழக்குப் போட்டு, பல் போன ஆட்டையே நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதே மரத்தின் கரியை விற்றுக் குடும்பம் நடத்துகிறவர்களும் அதே பகுதியில் உண்டு. ஆக, இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசி, எந்த இடத்தில் முழுசாக எடுப்பது, எந்த இடத்தில் அவர்களே வெட்டி எடுத்துக்கொண்டு வேரையும் தோண்டிக் கொடுப்பது என்று பிரித்துக்கொள்வதுதான் நடக்கிற காரியம்.

சேர மாட்டேன் என்று ஒருவர் இருப்பார், எல்லா ஊரிலும் இருக்கிறார். சண்டை போடாதீர்கள். அவர் நில ஓரத்தில் நம் பக்கம் வளையத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு ஒரு வருஷம் காத்திருங்கள். எங்கள் ஆள் இரண்டாவது வருஷம் தானாகவே களைக்கொத்தியோடு வந்தார், ஏன் வந்தார் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

எடுக்கும் விதம், செடிக்குச் செடி

பார்த்தீனியம் மாதிரி ஒரு பருவச் செடி: மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, பூக்கும் முன்னால், வேரோடு பிடுங்குங்கள். காய்ந்த மண்ணில் இழுத்தால் கழுத்தில் அறுந்து பக்கத்தில் துளிர்த்துவிடும். பூத்துவிட்டது என்றால் முதலில் பூந்தலையை ஒரு சாக்குக்குள் கவிழ்த்து அப்படியே அறுத்துவிட்டுப் பிறகு வேரைப் பாருங்கள். முழுக்கை சட்டை, கையுறை, முகக்கவசம் இல்லாமல் யாரையும் விடாதீர்கள், தோலில் அரிப்பு, புண், மூச்சிரைப்பு எல்லாம் இந்தச் செடியால் வரும். முதல் நாள் ஒன்றும் செய்யாது, பழகப் பழகத்தான் பலருக்கு ஒவ்வாமை வெளிப்படும். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று வெறுங்கையோடு நிற்கிறவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஆஸ்துமா இருப்பவர்களுக்குப் படம் வரைகிற வேலை, கணக்கு எழுதுகிற வேலை கொடுங்கள்.

உண்ணிச்செடி, சீமைக்கருவேலம் மாதிரி கட்டைச் செடி: துளிர் எங்கிருந்து வருகிறதோ அந்தக் கழுத்துப் பகுதியை எடுக்காவிட்டால் வெட்டியது வீண். உண்ணிச்செடியில் அந்தக் கழுத்துக்குச் சற்றுக் கீழே ஆணிவேரைக் கடப்பாரையால் வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். சுற்றி மண்ணைத் தோண்டிப் போடத் தேவையில்லை, அதுதான் இந்த முறையின் அழகு. சீமைக்கருவேலத்துக்கு மண்ணுக்குக் கீழே 30 சென்டிமீட்டராவது போய் வெட்ட வேண்டும். பெரிய மரம் என்றால் இயந்திரம் வேண்டும்தான், ஆனால் இயந்திரம் போன இடத்தை அடுத்த மழைக்கு முன்னால் மூடுவதற்கு என்ன திட்டம் என்று சொல்லத் தெரிந்தால் மட்டும் இயந்திரத்தைக் கூப்பிடுங்கள். கன்றுகளை மட்டும் ஈர மண்ணில் கையால் பிடுங்கிவிடலாம், அதனால் முதலில் கன்றுகள்.

கோரை, அருகு மாதிரி கிழங்கும் தண்டும் ஓடுகிறவை: பொறுமை இருந்தால் தழையை விடாமல் அறுத்துக்கொண்டே இருந்து கிழங்கைப் பட்டினி போடலாம். சின்ன இடம் என்றால் கனமான தார்ப்பாய் போட்டு ஒரு பருவம் முழுக்க மூடிவையுங்கள், ஓரங்களில் எட்டிப் பார்க்கிறதா என்று வாரம் ஒரு தடவை பாருங்கள். ரோட்டவேட்டர் விடாதீர்கள். சத்தியமாக விடாதீர்கள்.

ஆகாயத்தாமரை தனிக் கதை. அமேசான் பகுதியிலிருந்து வந்தது, நல்ல வெயிலும் சத்துள்ள தண்ணீரும் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். அடர்ந்து மூடிய ஒரு ஹெக்டேரில் 200 டன்னுக்கு மேல் எடை இருக்கும், அதில் பெரும்பகுதி தண்ணீர். எடுத்த உடனே வண்டியில் ஏற்றினால் தண்ணீரைத்தான் வாடகை கொடுத்துச் சுமக்கிறீர்கள். வெள்ளம் எட்டாத உயரத்தில் கரையேற்றி நாலைந்து நாள் காயவிட்டால் சுமை ரொம்பக் குறையும். மூங்கிலும் கயிறும் கட்டி நீர்ப்பரப்பைத் தடுப்பாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியாக முடியுங்கள், இல்லாவிட்டால் காற்று அடித்துச் சுத்தம் செய்த பக்கத்துக்கே திரும்பத் தள்ளும். தண்ணீரில் இறங்குகிறவருக்கு மிதவைச் சட்டை, கரையில் கயிறோடு ஒரு ஆள், பாம்பு இருக்கும் என்ற நினைப்பு, மூன்றும் கட்டாயம். சேற்றில் அதன் விதை 15, 20 வருஷம்கூட உயிரோடு கிடக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை கழிவுநீர். சாக்கடையும் வயலிலிருந்து வழியும் உரமும் அந்தத் தண்ணீருக்குள் வந்துகொண்டிருக்கும் வரை நாம் எடுக்க எடுக்க அது சாப்பிட்டு வளரும், ஆக அங்கே மண்வெட்டி எடுப்பதற்கு முன்னால் சாக்கடையை எங்கே திருப்புவது என்ற பேச்சுதான் நடக்க வேண்டும்.

எடுத்ததை என்ன செய்வது

பூக்காத பச்சைத் தழையை அங்கேயே காயவிட்டு மூடாக்காகப் போடலாம். பூவும் காயும் வந்ததை அப்படிப் போடாதீர்கள், பிடுங்கிப் போட்ட பிறகும் சில செடிகள் விதையை முற்றவைத்துக்கொள்ளும். சாக்கில் கட்டி, கறுப்பு பிளாஸ்டிக்குக்குள் வெயிலில் வேகவைத்து, ஒரே குழியில் புதையுங்கள், அந்தக் குழி எங்கே என்று படத்தில் குறித்துவையுங்கள். மட்கு உரம் போடலாம், ஆனால் குவியலின் நடுவே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறி, பலமுறை புரட்டிப் போட்டால்தான் விதை சாகும். ஏதோ ஒரு மூலையில் குவித்துவைத்த தழை உரமாகிவிடும் என்று நம்பி அதை வயலில் போட்டவர்கள் களையைச் சமமாகப் பங்கிட்டவர்கள்.

அதேபோல வண்டிச் சக்கரம், செருப்பின் அடி, அறுவடை இயந்திரம், வாடகைக்கு வருகிற ஜேசிபியின் வாளி எல்லாவற்றையும் ஊர் எல்லையிலேயே ஒரே இடத்தில் கழுவுங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1960-ல் பார்த்தீனியம் பெரிய அளவில் கால் பதித்தது டெக்சாஸிலிருந்து வந்த புல் விதையில் கலந்துதான். ஒரு மூட்டை விதை, ஒரு வண்டி வைக்கோல், ஒரு லோடு மணல் வாங்கும்போது எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். சீமைக்கருவேல நெற்று தின்ற மந்தையை வேறு இடத்துக்கு ஓட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் பட்டியில் அடைத்துத் தீவனம் போடுங்கள், சாணத்திலும் புழுக்கையிலும் வெளியே வருகிற விதை அங்கேயே கிடக்கட்டும்.

மருந்தும் பூச்சியும்

களைக்கொல்லி பற்றிக் கேட்பீர்கள். புதியவர்களின் முதல் வருஷத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. வேறு வழியே இல்லாத கட்டைகளுக்கு, வெட்டின சில நிமிடத்துக்குள் வெட்டுவாயில் மட்டும் தூரிகையால் தடவுகிற முறை உண்டு, அதையும் உங்கள் ஊரில் அந்த மருந்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, பயிற்சி பெற்றவர் செய்யட்டும், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். காற்றில் தெளித்தால் 2,4-டி என்ற களைக்கொல்லி பக்கத்து வயலின் பருத்தியையும் தக்காளியையும் சுருட்டிவிடும். கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியைக் கலங்கல் தண்ணீரில் கலந்தால் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யாது, வேலை செய்யவில்லையே என்று இன்னும் ஊற்றுவார்கள். நீர்நிலை ஓரத்தில் பேச்சே வேண்டாம். உப்புத் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறவர்களும் உண்டு, களையோடு மண்ணும் போய்விடும்.

பூச்சி விட்டுக் கட்டுப்படுத்துவது பெரிய விஷயம். ஆஸ்திரேலியாவில் 2 கோடி ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்த சப்பாத்திக்கள்ளியை அர்ஜென்டினாவிலிருந்து 1925-ல் கொண்டுவந்த ஒரு அந்துப்பூச்சியின் புழுக்கள் சில வருஷத்தில் தின்று தீர்த்தன, அந்தப் பூச்சிக்கு நன்றி சொல்லி பூனார்கா என்ற ஊரில் மண்டபமே கட்டியிருக்கிறார்கள். விக்டோரியா ஏரியில் 1990-களில் கூன்வண்டுகளை விட்டு ஆகாயத்தாமரையைக் குறைத்தார்கள். பார்த்தீனிய இலை தின்னும் மெக்சிகோ வண்டு 1984-ல் இந்தியாவில் விடப்பட்டது. எல்லாமே ஆய்வு நிறுவனங்கள் சோதித்துப் பார்த்துச் செய்தவை. அதே குயின்ஸ்லாந்தில் 1935-ல் கரும்பு வண்டைத் தின்னும் என்று விட்ட தேரை, வண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பதம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நாமாக எதையும் கொண்டுவந்து விடக் கூடாது. ஏற்கெனவே உங்கள் பக்கம் அந்த வண்டு இருந்தால் அது தின்றுகொண்டிருக்கும் திட்டை மட்டும் கடைசிவரை பிடுங்காமல் விட்டுவையுங்கள்.

வெறும் மண்ணை விட்டுவைக்காதீர்கள்

எடுத்த இடத்தில் அந்த வாரமே ஏதாவது விழ வேண்டும். அந்த மண்ணிலேயே வளர்கிற புல்லின் விதை, வேகமாக மூடுகிற பயறு வகை, அதுவும் இல்லையென்றால் கனமான காய்ந்த தழை. பார்த்தீனியம் போன இடத்தில் தகரை விதையைத் தூவினால் நன்றாக அமுக்கும். மரக்கன்று நடுவதைப் படம் எடுக்கத்தான் எல்லாரும் வருவார்கள், புல் விதை தூவ யாரும் வரமாட்டார்கள். முதல் வருஷம் காரியம் செய்வது புல்தான்.

திரும்பி வருகிற நாளை முதல் நாளே குறியுங்கள்

நாற்பது பேர் ஒரு நாள் வருவதைவிட நாலு பேர் பத்துத் தடவை வருவது மேல். கிளம்பும்போதே அடுத்த மூன்று தேதியைப் பேசி முடித்துவிடுங்கள்: முதல் மழைக்கு மூன்று வாரம் கழித்து ஒன்று, அதிலிருந்து ஒரு மாதத்தில் ஒன்று, பருவம் முடியும்போது ஒன்று. பறவை உட்காருகிற மரத்தடி, கிடை போட்ட இடம், வண்டி திரும்புகிற முனை, வாய்க்கால் மடை இந்த நாலையும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, இடம், எத்தனை பேர், எத்தனை மணி நேரம், தோராயமாக எத்தனை செடி. கூடவே ஒரு கல்லையோ கம்பத்தையோ அடையாளம் வைத்து, அதே இடத்தில் நின்று அதே திசையைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் ஒரு படம். கண்ணுக்கு எதுவும் மாறவே இல்லை என்று தோன்றும் இரண்டாவது வருஷம்தான் பாதிப் பேர் விலகுவார்கள், அப்போது அந்த நோட்டை எடுத்துக் காட்டுங்கள். எங்கள் நோட்டில் முதல் வருஷம் ஓடைக்கரை மஞ்சள் பகுதிக்கு ஆறு பேர் மூன்று காலை என்று இருக்கிறது, மூன்றாவது வருஷம் அதே இடத்துக்கு இரண்டு பேர், ஒரு காலை, அதில் பாதி நேரம் பேச்சு.

சிவப்பு மூலை இன்னும் இருக்கிறது. நாற்பது பேரோடு போன அந்த இடம்தான். ஓரத்திலிருந்து பத்தடி உள்ளே போயிருக்கிறோம்.